பதினேழாம் பிரிவில் இல்லாத ஆள்

நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவை நான் முதலில் வாசித்தது கொஞ்சம் சுயநலமான காரணத்துக்காக. நான் ஏதாவது தப்புப் பண்ணினால் என்னை யார் நீக்குவார்கள், எப்படி நீக்குவார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சிங்காநல்லூரில் எங்கள் வீதியிலேயே குடியிருக்கிற அக்கா ஒருத்தர், தன் மகனுக்குச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக இருக்க முடியுமா என்று அப்போதுதான் கேட்டிருந்தார். அவருக்கு 66 வயது. வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் மில் தொழிலாளியாக இருந்து இறந்துபோனவர். மகனுக்கு 36 வயது. அடையாள அட்டையில் அறிவுசார் குறைபாடு என்று எழுதியிருக்கிறது.

"தம்பி, நீங்க சொந்தமில்லீங்க. அதுக்குத்தான் உங்களைக் கேக்கறனுங்க," என்றார். "சொந்தக்காரங்க அல்லாரும் ஊட்டைத்தான் பாக்கறாங்க. பையனைப் பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். கதையோ கவிதையோ வாசிப்பதுபோலத்தான் வாசித்தேன், எனக்குத் தெரிந்த வாசிப்பு அது ஒன்றுதான். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யாருக்குப் பேச இடமே இல்லை என்று பார்க்கிற வாசிப்பு. வக்கீல்கள் இதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் கையெழுத்துப் போடப்போகிறவன் நான்.

17ஆம் பிரிவு சின்னது. பாதுகாவலர் கொடுமைப்படுத்தினாலோ, கவனிக்காமல் விட்டாலோ, சொத்தைக் கையாடினாலோ அவரை நீக்கச் சொல்லிக் குழுவிடம் மனுக் கொடுக்கலாம். யார் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: பெற்றோர், உறவினர், பதிவுபெற்ற அமைப்பு. அவ்வளவுதான். உறவினர் என்றால் ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தாலோ சொந்தமானவர் என்று கீழே ஒரு விளக்கமும் உண்டு. இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்ப வாசித்தேன், ஏதோ வார்த்தையை விட்டுவிட்டேனோ என்று. விடவில்லை. கொடுமைப்படுத்தப்படுகிற அந்த ஆள் இந்தப் பட்டியலில் இல்லை. அவர் பெயரில்தான் மொத்த சட்டமும் இருக்கிறது, ஆனால் "இந்த ஆள் எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு இந்தப் பிரிவில் வாய் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். டீக்கடைக்காரர், ஸ்கூல் டீச்சர், தினமும் அவரைப் பார்க்கிற பஸ் கண்டக்டர், யாருக்கும் இல்லை. அக்கா இறந்த பிறகு நான் அவரை ஒரு அறையில் பூட்டி வைத்தால், வீட்டின்மேல் கண்ணாக இருக்கிறார்கள் என்று அக்கா யாரைப் பற்றிப் பயப்படுகிறாரோ அந்தச் சொந்தக்காரர்கள்தான் எனக்கு எதிராக மனுக் கொடுக்க முடியும். அல்லது எங்கிருந்தோ ஒரு அமைப்பு வரவேண்டும்.

நான் கெட்டவன் இல்லை என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. எல்லாப் பாதுகாவலர்களுக்கும் அந்த நம்பிக்கை இருக்கும்.

இந்தச் சட்டம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டப்படி, தெளிந்த மனநிலை இல்லாதவர் செய்கிற ஒப்பந்தம் செல்லாது. 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கானது, 18 வயதோடு முடிந்துவிடும். 1987ஆம் வருடத்து மனநலச் சட்டத்தில் நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்க வழி இருந்தது, ஆனால் அறிவுசார் குறைபாடு மனநோய் இல்லை என்று அந்தச் சட்டமே வரையறையில் விலக்கிவிட்டது. விலக்கியது சரிதான். ஆனால் அதனால் ஒரு ஓட்டை விழுந்தது. அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையனுக்கு 18 வயது முடிகிற அன்று, பெற்ற தாயே சட்டத்தின் கண்ணில் மூன்றாம் மனுசி. அவன் பேரில் இருக்கிற பணத்தை எடுக்க முடியாது, அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. எங்கள் வீதி அக்காவுக்கு இது 18 வருடமாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை, எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே வைத்திருந்தார். கணவரின் பணத்தில் ஒரு பகுதியை மகன் பெயரில் வைப்பாகப் போட்டு, அது முதிர்ந்தபோது ஒரு வங்கிக் கிளையில் "கார்டியன் சர்டிபிகேட் கொண்டாங்கம்மா" என்றார்கள். அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1999 டிசம்பரில் இந்தச் சட்டம் வந்தது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அன்றைய பெயரில் மனவளர்ச்சிக் குறைவு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும். இது பெற்றோர்கள் கேட்டு வாங்கிய சட்டம். "எனக்கப்புறம் யாரு?" என்கிற கேள்வியைச் சுமந்துகொண்டு டெல்லிக்கு அலைந்தவர்களின் சட்டம். அது அதன் ஒவ்வொரு பிரிவிலும் தெரிகிறது. வாக்கியங்களில் எழுவாயாக வருகிறவர்கள் பெற்றோர்கள். மகனோ மகளோ வருவது செயப்படுபொருளாக. தன் சாவைப் பற்றிப் பயந்துகொண்டு எழுதுகிறவருக்கு, பின்னால் இருக்கப்போகிறவன் என்ன நினைப்பான் என்று கேட்கத் தோன்றாமல் போகும். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உயில் எழுதுகிற எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. பழைய வழியில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும். இந்தச் சட்டம் அதை மாவட்ட அளவில் ஒரு மூன்று பேர் குழுவிடம் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். மாவு விற்கிற ஒரு அம்மா வக்கீல் ஃபீஸ் இல்லாமல் பாதுகாவலர் சான்று வாங்கலாம் என்பது பெரிய விஷயம். அதைவிட, 14ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது. பெற்றோரோ உறவினரோ தாங்கள் விரும்புகிற எந்த நபரையும் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். எந்த நபரையும். சாதி, கூட்டம், பங்காளி, மாமன் எதுவும் தேவையில்லை. கொங்கு நாட்டில் இது எவ்வளவு பெரிய வாசல் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காவுக்கு இந்தப் பிரிவு தெரியாது. ஆனால் என்னிடம் வந்து கேட்டபோது அவர் செய்தது துல்லியமாக அதைத்தான்.

அதே 14ஆம் பிரிவில், குழு இரண்டு கேள்விகளைப் பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. இவருக்குப் பாதுகாவலர் தேவையா? எந்த நோக்கத்துக்காகத் தேவை? இரண்டும் நல்ல கேள்விகள். இவற்றை உண்மையாகவே கேட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் "உனக்கு இந்த ஆளைப் பிடிச்சிருக்கா?" என்கிற மூன்றாவது கேள்வி இல்லை. பாதுகாவலரை நியமிப்பதிலிருந்து நீக்குவதுவரை, 14 முதல் 17 வரையான நான்கு பிரிவுகளிலும், யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவருடைய சம்மதம் என்ற பேச்சே கிடையாது. 15இல் பாதுகாவலரின் கடமை ஒரே வாக்கியம்: தேவைப்படும் இடத்தில் அந்த நபரையும் சொத்தையும் கவனித்துக்கொள்வது, அல்லது பராமரிப்புக்குப் பொறுப்பேற்பது. 16இல் கணக்கு. நியமனமாகி ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு கொடுக்க வேண்டும். பாருங்க, ரூபாய்க்குக் கணக்கு உண்டு. அந்த வருடம் அவர் எங்கெல்லாம் போனார், எதற்கெல்லாம் வேண்டாம் என்றார், சந்தோஷமாக இருந்தாரா என்பதற்குக் கணக்கு இல்லை.

இதே சட்டத்தின் 10ஆம் பிரிவை எடுத்து இந்த நான்கு பிரிவுகளுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே முதல் நோக்கமே, இவர்கள் முடிந்தவரை சுதந்திரமாகவும் முழுமையாகவும் தங்கள் சமூகத்துக்குள்ளேயோ அதற்கு அருகிலேயோ வாழ வழிசெய்வது என்கிறது. இரண்டும் ஒரே கை எழுதியது போலவே இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். அக்காவின் மகனைப் பற்றி எழுதிவைத்த முதல் குறிப்பில் "அவன்" என்றுதான் எழுதியிருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர்களுக்கெல்லாம் "அவர்" போடுகிறவன் நான். வீதியில் எல்லாரும் அவரை "கண்ணு" என்கிறார்கள். கொங்கில் "கண்ணு" அன்பான வார்த்தை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 36 வயதுக்காரருக்கு வேறு எந்த வார்த்தையும் கிடையாது என்றால் என்ன செய்வது? ஒருமுறை ஒரு அலுவலகத்தில் "இது பேசுமா?" என்று அக்காவிடம் கேட்டதைப் பக்கத்தில் இருந்து கேட்டேன். "அது" இல்லை, "இது". சட்டத்தின் மொழியைக் குறை சொல்வதற்கு முன்னால் நம்முடைய தமிழையும் பார்த்துக்கொள்வது நல்லது. இனி "அவர்".

சினிமாவும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 2011இல் வந்த 'தெய்வத்திருமகள்' ஒரு வளர்ந்த ஆளைக் குழந்தையாகக் காட்டியே நம்மை அழவைத்தது. கிருஷ்ணாவுக்கு மகளை வளர்க்கிற உரிமை உண்டா என்று கோர்ட்டில் சண்டை நடக்கிறது, கடைசியில் அவரே விட்டுக்கொடுக்கிறார், நாமும் நிம்மதியாக எழுந்து வருகிறோம். அவருக்கு உதவி இருந்தால் வளர்த்திருக்க முடியுமா என்ற கேள்வியைப் படம் வளர்த்தெடுக்கவில்லை. ராமின் 'பேரன்பு' வேறு தரம். 2019 பிப்ரவரியில் தியேட்டரில் பார்த்தபோது என்னைப் படுத்திய படம் அது. அமுதவன் ஒரு இல்லத்தில் மகளை விடுகிறார், அங்கே நடப்பதைப் பார்த்துத் திரும்பக் கூட்டி வருகிறார். பாப்பாவுக்கு உடம்பு உண்டு, ஆசை உண்டு என்று ஒரு தமிழ்ப்படம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது திரும்ப யோசித்தால் வேறொன்று தெரிகிறது. படத்தில் சட்டம் என்ற ஒன்றே இல்லை. பாப்பா இன்னும் மைனர், அமுதவன் தகப்பன், யாரும் சான்று கேட்கவில்லை. 18 வயதுக்கு முன்னாலேயே படம் முடிந்துவிடுகிறது. எங்கள் அக்காவின் கதை தொடங்குகிற இடம் அது.

"எனக்கப்புறம் யாரு" என்ற கேள்விக்குப் படம் கடைசியில் தருகிற பதில் மீரா. சொந்தமில்லை, சாதியில்லை, யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆள். 14ஆம் பிரிவின் "எந்த நபரையும்" என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் மீராவை ஏற்றுக்கொண்டது அமுதவன். பாப்பாவுக்கு மீராவைப் பிடித்திருக்கிறதா என்று அவருடைய முகத்தைப் பார்த்து நாம் ஊகித்துக்கொள்கிறோம். ராம்கூட அவ்வளவுதான் போக முடிந்தது.

சரி, சட்டத்துக்குத் திரும்புகிறேன். 2007 அக்டோபரில் இந்தியா ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆம் ஷரத்து எல்லாருக்கும் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவர் முடிவெடுப்பதை விட்டுவிட்டு, அவரே முடிவெடுக்கத் துணை கொடு என்பது அதன் சாரம். அதற்கு ஏற்ப 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13, 14 பிரிவுகளை 1999 சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் வேறொரு நாட்டில் இருப்பதுபோல இருக்கும். 13இன் நான்காம் உட்பிரிவு, மாற்றுத்திறனாளி தனக்கு இருக்கிற துணை ஏற்பாட்டை மாற்றலாம், திருத்தலாம், கலைக்கலாம், வேறொருவரின் துணையை நாடலாம் என்கிறது. இங்கே எழுவாய் அவரே. 17ஆம் பிரிவில் காணாமல் போன ஆள் 17 வருடம் கழித்து இங்கே வந்து நிற்கிறார்.

14ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பாதுகாவலர் என்றால் இனி வரம்புள்ள பாதுகாவலர்தான். குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து முடிவெடுக்கிற ஏற்பாடு. வேறு எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்முதல் வரம்புள்ள பாதுகாவலராகவே செயல்படுவதாகக் கருதப்படுவார் என்றும் இருக்கிறது. முழு ஆதரவு தேவைப்படுகிறவருக்கு அதைக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். என் வாசிப்பில் இதன் பொருள், பழைய சட்டத்தில் சான்று வாங்குகிற ஒருவரும் புதிய சட்டத்தின் வேலிக்குள்தான் நிற்கிறார்.

ஆனால் அந்த வேலியைப் பார்க்கிறவர் யார்? கவுண்ட்டரில் இருக்கிறவருக்கு வேண்டியது ஒரு தாள். அதில் ஒரு பெயர், ஒரு முத்திரை. 2007இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கையில், இந்த உள்ளூர்க் குழு தருகிற சான்றை வங்கிகள் ஏற்றுக் கணக்குத் திறக்கலாம் என்று சொன்னது. உதவி செய்ய வந்த சுற்றறிக்கைதான். நடைமுறையில் "கொண்டுவந்தால் ஏற்கலாம்" என்பது "கொண்டுவராமல் வராதே" என்று ஆகிவிட்டது. தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த, ரூபாய் எண்ணத் தெரிந்த ஒருவருக்கும் பாதுகாவலர் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவருக்குப் பாதுகாவலர் தேவையா என்று குழு யோசிப்பதற்கு முன்னாலேயே வங்கி முடிவு செய்துவிடுகிறது.

தொகையையும் பாருங்க. அக்காவின் கணவருக்குத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த உரிமைப்படி, அக்கா காலத்துக்குப் பிறகு, முழுமையான நிரந்தரக் குறைபாடு உள்ள மகனுக்கு வயது வரம்பில்லாமல் அநாதைப் பிள்ளை ஓய்வூதியம் உண்டு. அந்தத் திட்டத்தின் வார்த்தை அது, என்னுடையது இல்லை. 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 750 ரூபாய். தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000. இந்த 2,750 ரூபாயை வாங்கிக் கையில் கொடுக்க ஒரு ஆளின் மொத்த சட்ட வாழ்க்கையையும் எழுதி வாங்குவது, கொசு அடிக்க உலக்கை எடுத்த மாதிரி.

பாதுகாவலர் என்ற அமைப்பையே ஒழிக்க வேண்டும் என்கிற குரல் வலுவாக இருக்கிறது. 2019இல் இந்தியாவைப் பரிசீலித்த ஐ.நா. குழுவும் அதைத்தான் சொன்னது. பெரு நாடு 2018இல் ஒழித்தே விட்டது. கொள்கையாக அவர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் அதைச் சொல்கிற கருத்தரங்கக் கட்டுரைகளில் கவுண்ட்டர் வருவதில்லை. "சான்று வாங்காதீங்கக்கா, அது உடன்படிக்கைக்கு விரோதம்" என்று சொல்லி அந்த அம்மாவை அனுப்ப எனக்கு வாய் வராது. அதே சமயம், கவுண்ட்டர் கேட்கிறது என்பதற்காக மொத்தத்தையும் எழுதி வாங்குவதும் முடியாது. ஸ்வீடனில் 1989இலேயே ஒருவரைத் தகுதியற்றவர் என்று அறிவிக்கிற முறையை எடுத்துவிட்டார்கள். அங்கே துணைக்கு வருகிறவரின் சட்டப் பெயருக்கு நேர் அர்த்தம் "நல்ல மனுசன்". பெரும்பாலும் சாதாரண ஆட்கள், சின்னத் தொகை வாங்கிக்கொண்டு செய்கிறார்கள். அந்த நபரின் சட்டத் தகுதி குறைவதில்லை. ஜெர்மனியிலும் 1992க்குப் பிறகு பெரியவர்களுக்குப் பழைய பாதுகாவலர் முறை இல்லை, அதற்குப் பதில் துணையாளர்கள், அதில் தன்னார்வலர்கள் நிறையப்பேர். 2023இல் செய்த திருத்தம் அந்த நபரின் விருப்பத்தை நடுவில் வைத்தது. நம்மிடம் அப்படி ஆள் திரட்டிப் பயிற்சி கொடுக்கிற ஏற்பாடு சட்டத்தில் இல்லை. நமக்கு இருக்கிறது அக்கா வீதியில் ஒருத்தரைப் பிடித்துக் கேட்பது.

நம் உச்ச நீதிமன்றமும் ஒருமுறை இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கு, 2009. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள, பெற்றோர் இல்லாத ஒரு பெண், அங்கேயே பலாத்காரத்தால் கர்ப்பமானார். கருவைக் கலைக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். அந்தப் பெண்ணோ குழந்தை வேண்டும் என்றார். உச்ச நீதிமன்றம் அவருடைய பேச்சை ஏற்றது. அவர் நலனுக்காக என்று சொல்லிக்கொண்டு அவருடைய சம்மதத்தைத் தாண்ட முடியாது என்றது. அரசாங்கமே பாதுகாவலராக நின்ற இடத்திலும் "வேண்டும்" என்ற ஒரு வார்த்தைக்கு எடை உண்டு என்று ஆகிவிட்டது. இந்தத் தீர்ப்பை வாசித்த பிறகு 17ஆம் பிரிவை வாசித்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

இத்தனையும் வாசித்துவிட்டு ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் அவரிடம் கேட்க வேண்டும் என்றேன்.

"அவனுக்கு என்னங்க தெரியும்? நீங்க சொன்னாச் சரீம்பான்," என்றார் அக்கா.

கேட்டோம். நான் கேட்டதே தப்பான கேள்வி, "நான் கார்டியனா இருக்கட்டுமா" என்று. "சரீங்" என்றார். நான் வேறு ஏதாவது கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆமாம் சொல்லிப் பழகியவர். பிறகு வேறு விதமாக ஆரம்பித்தேன். அம்மா இல்லாவிட்டால் எங்கே இருப்பீங்க? பதில் இல்லை. பல்லடத்தில் மாமா வீட்டில் இருக்கலாமா? தலையை ஆட்டிவிட்டார், வேண்டாம் என்று. ஏன்? "அங்க பஸ் ஸ்டாண்டு இல்லீங்."

பல்லடத்தில் பஸ் ஸ்டாண்டு இருக்கிறது. மாமா வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இல்லை என்று அர்த்தம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை, திருச்சி வண்டிகள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கண்டக்டர்கள் கூவுவதற்கு முன்னால் இவர் கூவுவார். சில பேர் டீ வாங்கிக் கொடுப்பார்கள். மழை பெய்தாலும் போவார். "கிறுக்குப் பழக்கமுங்க" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்வார். மாமா வீட்டை விற்றுப் பையனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மாமா கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சோறு போடுவார். 15ஆம் பிரிவு கேட்கிற அத்தனையும் செய்வார். 16ஆம் பிரிவுக்குக் கணக்கும் கொடுப்பார். அவர் பாதுகாவலராக இருந்தால் சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்டு மட்டும் இருக்காது.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஊட்டை விக்கக் கூடாதுன்னு எழுதோணும்ங்களா?" என்றார். வீட்டைப் பற்றி அவர் என்னிடம் முதலில் பேசியது பங்காளிச் சண்டையாக. இப்போது கேட்டது வேறு.

அதன்பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். பழைய சட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது, வேறு வழி இல்லை. ஆனால் 14ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவில் ஒரு வரி இருக்கிறது, பாதுகாவலர் நிறைவேற்ற வேண்டிய கடமைகளைக் குழு குறிப்பிட வேண்டும் என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டோம். விண்ணப்பத்தோடு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறோம். பாதுகாவல் வங்கிக் கணக்குக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும் என்று குழு சான்றில் எழுத வேண்டும். மூன்று வருடத்துக்கு மட்டும், பிறகு திரும்பப் பரிசீலிக்க வேண்டும். வீட்டை விற்கவோ அவருடைய இருப்பிடத்தை மாற்றவோ எனக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. வருடக் கணக்கோடு அவரையும் குழு முன்னால் அழைத்து, நான் வெளியே நிற்க, அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, அவர் வேண்டாம் என்று எந்த விதத்தில் தெரிவித்தாலும் என் நியமனத்தை மறுபரிசீலனை செய்ய நான் முன்கூட்டியே சம்மதிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு அமைப்பில் பேசியிருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு முறை வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். 17ஆம் பிரிவில் பெயர் இருக்கிற ஒருவராவது பக்கத்தில் இருக்கட்டும் என்று.

குழு இதை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். வழக்கமான சான்றையே அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அக்கா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார், எனக்கு அரை மனசு.

தனித்தாளின் கீழே அக்கா கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன். படிவத்தில் கேட்காவிட்டாலும் அவருக்கும் ஒரு கோடு போட்டு வைத்தோம். இனிஷியல் இல்லாமல் முழுப் பெயரையும் எழுதினார், நேரம் எடுத்தது. எழுதி முடித்துவிட்டு மணி பார்த்தார். ஐந்தே கால். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.